ஊர்தியும் ஓசையும்

ஊர்தியை வாங்குதல் எளிது. அதனை ஓட்டப் பழகுதலும் அரிதன்று. ஆனால், அதன் உள்ளியல்பை அறிந்து, அதற்கு நேரும் குறைகளைத் தாமே கண்டு களைய வல்லவர் சிலரே. வழியிடையில் ஊர்தி நின்றுவிடுமாயின், ஓட்ட மட்டும் கற்றவர் பிறர் உதவியை எதிர்நோக்கி நிற்பர். உள்ளியல்பு அறிந்தவரோ கருவியைக் கையில் எடுத்துச் செய்வன செய்து, தம் வழியே மேற்செல்வர். இவ்விருவருள் பின்னவரே அவ்வூர்திக்கு உண்மையான உடையவர் ஆவர்.

ஊர்தி ஒருவர்க்கு எத்துணை உரிமையைத் தரவல்லது என்பதற்குப் புதுக்கோட்டை மாவட்டம் சிறந்த சான்றாகும். 1991ஆம் ஆண்டில் அங்கு அறிவொளி இயக்கத்தார் எழுத்தறிவுப் பணியை மேற்கொண்டனர். அப்பொழுது மாவட்ட ஆட்சியராக விளங்கிய ஷீலா ராணி சுங்கத் அம்மையார், எழுத்தறிவோடு மிதிவண்டி ஓட்டும் பயிற்சியும் பெண்களுக்கு வேண்டும் எனக் கருதினார். வயலில் உழைப்போர், கல்லுடைப்போர், செவிலியர், ஆசிரியைகள் எனப் பலதிறப்பட்ட பெண்களும் மிதிவண்டி ஓட்டக் கற்றனர். 1992ஆம் ஆண்டு உலக மகளிர் நாளில் 1500க்கும் மேற்பட்ட பெண்கள் மிதிவண்டியில் அணிவகுத்துப் புதுக்கோட்டை நகருள் நுழைந்தனர். அம்மாவட்டத்தில் இவ்வாறு பயின்ற பெண்களின் தொகை ஓர் இலட்சத்தைக் கடந்தது எனப் பத்திரிகையாளர் சாய்நாத் எழுதியுள்ளார். பேருந்துக்காகக் காத்திருந்தும், அழைத்துச் செல்ல ஆடவர் துணையை நாடியும் வாழ்ந்தவர்கள், தாம் நினைத்தபொழுது நினைத்த இடத்திற்குச் செல்லும் உரிமையை இரண்டு சக்கரங்களால் பெற்றனர்.

அவ்வணிவகுப்பில் கொடிகள் பறந்தன. மிதிவண்டி மணிகள் ஒலித்தன. ஊர்தியோடு இணைந்த ஒலிக்கருவிகளுள் மிக எளியது அம்மணியே. அதன் கிண்ணத்தினுள் சிறு பற்சக்கரங்கள் உள்ளன. விரலால் நெம்புகோலை அழுத்தினால் அவை விரைந்து சுழலும். அவற்றோடு தளர்வாகக் கோக்கப்பட்ட வில்லைகள் வெளிப்புறமாக வீசப்பட்டுக் கிண்ணத்தின் உட்பக்கத்தைத் தட்டும், மணி ஒலிக்கும். புழுதி படிந்தால் சக்கரங்கள் சுழலா, மணியும் மங்கும். கிண்ணத்தைக் கழற்றி, உள்ளே துடைத்து, ஒரு துளி எண்ணெய் இட்டால் மீண்டும் கணீரென ஒலிக்கும். இதுவே ஊர்திப் பராமரிப்பில் முதற்பாடம்.

மிதிவண்டியின் வழியில் தோன்றியது மோட்டார் சைக்கிள். 1885ஆம் ஆண்டில் ஜெர்மனி நாட்டில் காட்லீப் டைம்லர், வில்லெம் மேபாக் என்னும் இருவரும் பெட்ரோலால் இயங்கும் இருசக்கர ஊர்தியொன்றை அமைத்தனர். 1955ஆம் ஆண்டில் சென்னையில் என்ஃபீல்டு இந்தியா நிறுவனம் நிறுவப்பெற்றது. அந்நகரை அடுத்த திருவொற்றியூரில் புல்லட் மோட்டார் சைக்கிள்கள் உருவாயின. 1980ஆம் ஆண்டில் ஓசூரிலிருந்து டி.வி.எஸ். 50 என்னும் சிறிய ஊர்தி வெளிவந்து, சிற்றூர் மக்களின் சுமையையும் தாங்கும் துணையாயிற்று. இன்று புதுக்கோட்டை மாவட்டத்துச் சாலைகளில் ஆடவரும் பெண்டிரும் இத்தகைய ஊர்திகளில் செல்லுதலை நாள்தோறும் காணலாம்.

பொறியுடைய ஊர்திக்குப் பராமரிப்பு மிதிவண்டியினும் மிகுதியாக வேண்டும். ஊர்தி பழுதுற்று ஒரு நாள் நின்றால், பால் கொண்டு செல்வோர்க்கும் மீன் விற்போர்க்கும் அன்றைய வருவாய் இல்லையாகும். பிரேக் பழுதுற்றாலோ உயிருக்கே கேடு விளையும். நோய் முற்றியபின் மருந்து தேடுதலினும் வருமுன் காத்தலே நன்று.

மண்ணின் இயல்பும் ஊர்தியைத் தாக்கும். செம்மண் சாலையில் எழும் புழுதி, பொறிக்குள் செல்லும் காற்றை வடிகட்டும் அமைப்பை அடைத்துவிடும். காற்றுக் குறைந்தால் பெட்ரோல் நன்கு எரியாது, புகை மிகும், வலிமை குன்றும். மணமேல்குடி, கோட்டைப்பட்டினம் போன்ற கடலோர ஊர்களில் வீசும் உப்புக்காற்றோ இரும்பை விரைந்து துருப்பிடிக்கச் செய்யும். மின்கம்பி இணைப்புகளையும் அரிக்கும். ஆகவே, காற்று வடிகட்டியைத் தூய்மை செய்தலும், சங்கிலியைத் துடைத்து எண்ணெய் இடுதலும், டயரில் காற்றின் அளவைப் பார்த்தலும், எஞ்சின் எண்ணெயின் மட்டத்தை அளத்தலும் உடையவர் தாமே செய்யத்தக்க பணிகளாகும். இவற்றிற்குரிய அளவுகள் ஊர்தியுடன் தரப்படும் கையேட்டில் அச்சிடப்பட்டிருக்கும். சங்கிலியைத் தொடுமுன் எஞ்சினை நிறுத்திவிடுதல் இன்றியமையாதது. ஓடும் சங்கிலியைத் துடைக்க முற்பட்டால், பற்சக்கரத்திற்கும் சங்கிலிக்கும் இடையே விரல் சிக்கித் துண்டிக்கப்படும்.

பராமரிப்பிற்கு ஸ்பேனரும் திருப்புளியும் மட்டும் கருவிகள் அல்ல, செவியே முதற்கருவி. இசையிலக்கணத்தைப் பாறையில் பொறித்த பழங்கல்வெட்டை உடையது புதுக்கோட்டை மாவட்டத்துக் குடுமியான்மலை. சுரங்களின் நுண்ணிய வேறுபாட்டைச் செவியால் உணர்ந்தவர்கள் வாழ்ந்த மண் அது. ஊர்தியின் ஓசையிலும் அத்தகைய வேறுபாடுகள் உண்டு. சங்கிலி தளர்ந்தால் உறையில் உராய்ந்து கடகடவென ஒலிக்கும். எண்ணெய் வற்றினால் கிறீச்சிடும். பிரேக் பிடிக்கும்பொழுது இரும்போடு இரும்பு தேயும் ஓசை கேட்டால், இடைப்பட்ட பட்டை தேய்ந்துவிட்டது என அறிதல் வேண்டும். எஞ்சினின் தலைப்பகுதியில் டக்டக் என்னும் ஓசை மிகுந்தால், வால்வுகளின் இடைவெளி கூடியிருக்கலாம், எண்ணெய் குறைந்துமிருக்கலாம். சைலன்சரின் இணைப்பில் படபடவென்னும் ஓசை எழுந்தால், அங்கே புகை கசிகின்றது எனலாம். எஞ்சின் திக்கித் திக்கி ஓடினால், ஸ்பார்க் பிளக்கையும் பெட்ரோல் வரும் வழியையும் ஆராய்தல் வேண்டும். பழகிய ஓசை மாறுபடும்பொழுதே ஊர்தி தன் குறையை உரைக்கத் தொடங்கிவிட்டது என்க.

மோட்டார் சைக்கிளுக்கு ஹாரன் இன்றியமையாத ஒலிக்கருவியாகும். அதனுள் மெல்லிய உலோகத் தகடும் ஒரு மின்காந்தமும் உள்ளன. சுவிட்சை அழுத்தினால் மின்னோட்டம் பாய்ந்து, காந்தம் தகட்டை இழுக்கும். தகட்டின் அசைவால் மின்தொடர்பு அறும், காந்தம் வலுவிழக்கும், தகடு பழைய நிலைக்கு மீளும். உடனே தொடர்பு மீண்டும் ஏற்படும். ஒரு நொடியில் இது நூற்றுக்கணக்கான முறை நிகழ்தலால், தகடு அதிர்ந்து ஒலியை எழுப்புகின்றது.

சிலர் ஹாரனோடு அமையாது, பாட்டுக் கேட்கும் ஒலிபெருக்கியையும் ஊர்தியில் பொருத்த விரும்புவர். அதற்குமுன் ஒரு சிறு கணக்கைச் செய்து பார்த்தல் வேண்டும். இக்காலத்து மோட்டார் சைக்கிள்களின் பாட்டரி பெரும்பாலும் 12 வோல்ட் அழுத்தம் உடையது. 24 வாட் வாங்கும் ஒலிபெருக்கி அதிலிருந்து 2 ஆம்பியர் மின்னோட்டத்தை எடுக்கும். பாட்டரியின் கொள்ளளவு 5 ஆம்பியர்-மணி எனக் கொண்டால், எஞ்சின் ஓடாத நிலையில் இரண்டரை மணி நேரத்தில் அது முற்றும் வறண்டுவிடும். அதற்கு நெடுநேரம் முன்னரே எஞ்சினைக் கிளப்பும் வலிமையை அது இழந்திருக்கும். எஞ்சின் ஓடும்பொழுதும், அது உண்டாக்கும் மின்சாரம் விளக்குக்கும் பிறவற்றுக்கும் போக எஞ்சியதே ஒலிபெருக்கிக்கு உரியது. வரவினும் செலவு மிகுந்த குடும்பம் கடனில் ஆழ்வதுபோல, அளவிறந்த கருவிகளைச் சுமக்கும் பாட்டரியும் நாளடைவில் கெடும்.

மின்கம்பியைப் பொருத்தும் முறையும் அறியத்தக்கது. பாட்டரியின் நேர்முனைக்கு அருகிலேயே பியூஸ் ஒன்றை அமைத்தல் வேண்டும். கம்பியின் உறை கிழிந்து ஊர்தியின் உடலில் பட்டால், அளவிறந்த மின்னோட்டம் பாயும். அப்பொழுது பியூஸ் உருகி மின்னோட்டத்தைத் தடுக்கும். உருகிய பியூசுக்கு மாறாகத் தடித்த கம்பியைச் சுற்றிவைத்தல் பெருந்தவறு. பின்னர்க் கம்பி முழுதும் காய்ந்து, பெட்ரோல் தாங்கிய ஊர்தியே தீப்பற்றக்கூடும். கம்பிகளை வெறுமனே முறுக்கி விடாமல் உரிய இணைப்பான்களால் இணைத்தல் வேண்டும். சூடேறும் சைலன்சரின் அருகே அவற்றைக் கொண்டு செல்லலாகாது. வேலை முடிந்தபின் கைப்பிடியை இருபுறமும் முற்றத் திருப்பி, எந்தக் கம்பியும் இழுபடவில்லை என்பதை உறுதி செய்துகொள்ளுதல் நன்று.

இனி, கருவி சரியாகப் பொருந்திவிட்டதனாலேயே அதனை எவ்விடத்தும் முழக்கலாம் என்பதன்று. எட்டு மணி நேரம் கேட்பதற்கு 85 டெசிபல் வரையே செவிக்குத் தீங்கில்லை எனப் பொதுவாக வரையறுப்பர். ஒவ்வொரு 3 டெசிபல் உயர்விற்கும் அக்கால அளவு பாதியாகக் குறையும். அவ்வாறு கணக்கிட்டால் 100 டெசிபல் ஒலியைக் கால் மணி நேரமே கேட்கலாம். விரைந்து செல்லும்பொழுது காற்றின் இரைச்சலே பெரிதாதலால், அதனை வெல்லத் தலைக்கவசத்தினுள் ஒலியை மேலும் உயர்த்துவோர் தம் செவிக்குத் தாமே ஊறு செய்கின்றனர். பின்னால் வரும் லாரியின் ஹாரனும், சாலையைக் கடக்கும் சிறுவனின் குரலும், தம் ஊர்தியின் பிரேக் எழுப்பும் எச்சரிக்கையும் அவர்களுக்குக் கேளா. ஒரு நொடிப்பொழுது கேளாமையால் உயிர் போவதும் உண்டு.

சட்டமும் இதற்கு எல்லை வகுத்துள்ளது. 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் ஊர்தி விதிகள், பல சுரங்களை அடுத்தடுத்து எழுப்பும் ஹாரனையும் காதைத் துளைக்கும் ஹாரனையும் பொருத்தலாகாது என்கின்றன. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி, மருத்துவமனை, கல்விக்கூடம், நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றி 100 மீட்டருக்குக் குறையாத இடத்தை அமைதி மண்டலமாக அறிவிக்கலாம். நோயாளி உறங்கவும் மாணவன் பயிலவும் வேண்டும் அமைதி, ஒருவர் தம் மகிழ்ச்சிக்காகக் கெடுக்கத்தக்கது அன்று.

தாமே செய்தல் என்பது எல்லாவற்றையும் தாமே செய்தல் என்று பொருள்படாது. பிரேக்கின் உட்பகுதியைப் பிரித்தல், எஞ்சினைத் திறத்தல் போன்ற பணிகளைத் தேர்ந்த மெக்கானிக்கிடம் ஒப்படைத்தலே அறிவுடைமை. எது தம்மால் இயலும், எது இயலாது என்று பகுத்துணர்தலும் கல்வியின் ஒரு கூறேயாகும்.

கியர் உடைய மோட்டார் சைக்கிளை ஓட்ட 18 வயது நிரம்பியிருத்தல் வேண்டும். அதுவரையில் பள்ளி மாணவர்க்கும் மாணவியர்க்கும் மிதிவண்டியே சிறந்த பயிற்சிக்களம். அரசு பதினொன்றாம் வகுப்பில் வழங்கும் விலையில்லா மிதிவண்டியையேனும் வீட்டிலுள்ள பழைய மிதிவண்டியையேனும் தம் கையாலேயே துடைத்து, எண்ணெயிட்டு, பிரேக்கைச் சரிபார்த்துப் பேணுவோர், பின்னாளில் எவ்வூர்தியையும் அஞ்சாது ஆள்வர். அன்று புதுக்கோட்டைப் பெண்கள் சக்கரத்தால் பெற்ற உரிமை, அச்சக்கரத்தைப் பேணவும் அறிந்த கைகளிலேயே நிலைபெறும். கைக்கு உழைப்பும், செவிக்கு விழிப்பும், மனத்திற்கு அளவறிதலும் அமையுமாயின், ஊர்தி என்றும் இனிய துணையாய் விளங்கும்.