கூட்டத்தில் சென்றடையும் குரல்: திருவிழாக் காவலும் கம்பியில்லாத் தொடர்பும்

தைப்பூச நன்னாளில் ஈப்போ புந்தோங் சுங்கை பாரி ஸ்ரீ மகா மாரியம்மன் ஆலயத்திலிருந்து காவடிகளும் பால்குடங்களும் புறப்பட்டு, குனோங் சீரோ கல்லுமலை அருள்மிகு சுப்பிரமணியர் ஆலயத்தை நோக்கி நகரும் காட்சியைக் கண்டு மெய்சிலிர்க்காதவர் இரார். மயிற்பீலியையும் அலகையும் காணும் கண்கள், சாலையோரம் நிற்கும் காவலரின் தோளில் தொங்கும் சிறு கருவியைக் கவனிப்பதில்லை. உறுமி மேளத்தின் முழக்கத்தில் அதன் கரகரத்த குரல் யார் காதிலும் விழுவதுமில்லை. ஆயினும் மயங்கி விழுந்த மூதாட்டியை நோக்கி மருத்துவ வண்டி எந்தச் சந்து வழியாக வரவேண்டும், தாயின் கையை விட்டுப் பிரிந்த குழந்தை எந்தத் தண்ணீர்ப் பந்தலில் அமர்த்தப்பட்டிருக்கிறது என்பன போன்ற செய்திகளை அக்கருவியே உரியவரிடம் கொண்டு சேர்க்கிறது.

கைப்பேசி இல்லாத வீடே இல்லாத இக்காலத்தில் இதற்கென்று ஒரு தனிக்கருவி எதற்கு என்று சிலர் வினவுவதுண்டு. நியாயமான வினாதான். கைப்பேசிக் கோபுரம் ஒவ்வொன்றுக்கும் ஒரே நேரத்தில் இத்தனை அழைப்புகளையே தாங்க இயலும் என்ற எல்லை உண்டு. பல்லாயிரம் மெய்யன்பர்கள் ஓரிடத்தில் குழுமி, அனைவரும் ஒரே வேளையில் படம் எடுத்து உறவினருக்கு அனுப்பும்போது அக்கோபுரம் திணறிவிடுகிறது. எந்த நேரத்தில் செய்தி கட்டாயம் போய்ச் சேரவேண்டுமோ, அந்த நேரத்தில்தான் தொடர்பு கிடைப்பதில்லை. அன்றியும், சாதாரணமாகக் கைப்பேசியில் ஒருவர் ஒருவரோடுதான் பேசுகிறார். ஆபத்து வேளைக்கு வேண்டியது ஒருவர் பேச ஐம்பது பேர் ஒருசேரக் கேட்பது. கம்பியில்லாக் கருவியின் பொத்தானை அழுத்தியதும் அது நடந்துவிடுகிறது.

ஈப்போ வட்டாரத்தில் இதன் அருமை கூடுதலாக உணரப்பட வேண்டியதாகும். நகரைச் சூழ்ந்து நிற்கும் சுண்ணாம்புக் குன்றுகள் காண்பதற்கு எழில் மிக்கவை. ஆனால் அவை வானொலி அலைகளை மறித்து, பின்புறத்தில் நிழல் விழச் செய்கின்றன. மேற்கே கிளேடாங் மலையுச்சியில் ஒலிபரப்புக் கோபுரங்கள் உயர்ந்து நின்றபோதிலும், பாறையின் அடிவாரத்தில் நிற்பவரின் கைக்கருவி ஊமையாகிவிடக் கூடும். குன்றுகளால் வரும் ஆபத்து அலைகளை மறிப்பதோடு நின்றுவிடுவதுமில்லை. 1973 அக்டோபரில் குனோங் சீரோவின் ஒரு பகுதி பெயர்ந்து அடிவாரத்திலிருந்த குடியிருப்பின்மீது விழுந்து சுமார் 40 உயிர்களைக் காவு கொண்டதை ஈப்போவின் முதியவர்கள் இன்னும் மறக்கவில்லை. அத்தகைய குன்றின் அடியில் கூட்டம் கூடும் நாளில், ஒரு குரல் தடையின்றிச் சென்றடைவது சிறிய காரியமன்று.

இனி, இக்கருவியின் மற்றொரு முகத்தையும் பார்த்தல் வேண்டும். வானொலி அலை காதுகளைத் தேர்ந்தெடுப்பதில்லை. ஏற்கும் கருவி எவரிடம் இருந்தாலும் அவரிடம் பேசிவிடும். பேராக் மாநிலத்திலேயே அதற்கு ஒரு வரலாறு உண்டு. ஜப்பானியர் ஆட்சிக் காலத்தில், ஈப்போவுக்கு அருகிலுள்ள பாப்பான் என்னும் சிற்றூரில் தாதியான சிபில் கார்த்திகேசு, தம் கணவரான தமிழர் டாக்டர் ஏ.சி. கார்த்திகேசுவோடு வாழ்ந்து, காட்டிலிருந்த எதிர்ப்புப் படையினருக்கு மறைவாக மருத்துவம் செய்தார். ஒளித்து வைத்திருந்த வானொலிப் பெட்டியில் இலண்டன் பி.பி.சி. செய்திகளைக் கேட்டு வந்தார். அது கண்டுபிடிக்கப்பட்டால் என்ன நேரும் என்பதை அறிந்தே செய்தார். 1943இல் கைது செய்யப்பட்டுக் கொடுஞ் சித்திரவதைக்கு ஆளான அவ்வீராங்கனைக்குப் போருக்குப் பின் ஜார்ஜ் பதக்கம் வழங்கப்பட்டது. 1948 ஜூனில் பிரிட்டனில் காலமானார்.

எவரும் கேட்கலாம் என்ற அதே தன்மை அன்று ஒரு சிற்றூருக்கு நம்பிக்கையூட்டிற்று. காவல் துறையின் பேச்சைப் பகைவன் கேட்கும்போது அதுவே ஆபத்தாகிவிடுகிறது.

அதே 1948 ஜூன் 16ஆம் நாள் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் மூன்று ஐரோப்பியத் துரைமார் சுட்டுக் கொல்லப்பட, இரண்டே நாட்களில் மலாயா முழுவதும் அவசரகாலம் பிரகடனப்படுத்தப்பட்டது. 1960 வரை நீடித்த அக்காலத்தில் தொலைபேசிக் கம்பிகள் அறுக்கப்படுவது வழக்கமான நிகழ்ச்சியாயிற்று. காட்டோரக் காவல் நிலையங்களுக்குக் கம்பியில்லாக் கருவிகள் வந்து சேர்ந்தது அத்தேவையினால்தான். தோட்டப் பாட்டாளிகளின் லயங்களிலோ அத்தகைய வசதி ஏது? பெரட்டுக்கு அடிக்கும் மணியே அவர்களின் அறிவிப்புக் கருவி. தொலைபேசி என்றால் அது தோட்ட அலுவலகத்தில் பெரிய கிராணியாரின் மேசையில் இருப்பது. பாம்பு கடித்தவரைத் தூக்கிக்கொண்டு அந்த மேசை வரை ஓடிய கதைகள் தோட்டந்தோறும் உண்டு.

இன்று அத்தோட்டங்கள் பலவற்றில் ரப்பர் மரங்கள் செம்பனைக்கு இடம் கொடுத்துவிட்டன. லயங்கள் காலியாகி, மக்கள் பட்டணங்களில் குடியேறிவிட்டனர். ஆயினும் அம்மன் ஆலயத் திருவிழா வந்துவிட்டால் பிறந்த மண்ணைத் தேடிக் குடும்பம் குடும்பமாகத் திரும்புகின்றனர். ஆண்டு முழுவதும் ஆளரவமற்ற இடத்தில் ஓர் இரவு மட்டும் ஆயிரம் பேர் கூடுவர். கைப்பேசிக் கோபுரம் தொலைவில். செம்பனைத் தோப்போ அடர்த்தியானது. தீமிதியின்போது ஒருவர் தடுமாறி விழுந்தால் செய்தி எவ்வழியாகப் போகும் என்பதை ஆலய நிர்வாகங்கள் முன்கூட்டியே சிந்தித்தாக வேண்டும்.

பழைய வகைக் கருவிகளில் பேசியதைச் சந்தையில் கிடைக்கும் அலைதேடும் பெட்டி கொண்டு எவரும் ஒட்டுக்கேட்க முடிந்தது. நோயாளியின் பெயர், காணாமற்போன பெண்பிள்ளையின் உடை, உண்டியல் பணம் எடுத்துச் செல்லப்படும் நேரம் அனைத்தும் வெட்டவெளியில் மிதந்தன. இதற்கு மாற்றாக ஐரோப்பியத் தொலைத்தொடர்பு நிறுவனமான எட்சி 1995இல் வகுத்ததே ‘டெட்ரா’ என்னும் இலக்கமுறை. இதில் 25 கிலோஹெர்ட்ஸ் அகலமுள்ள ஒரே அலைவரிசையை நேரத்தால் நான்காகப் பகுத்து நான்கு உரையாடல்களைச் செலுத்துவர். அவசரப் பொத்தானை அழுத்தியவரின் குரலுக்கு மற்றவை வழிவிடும். கோபுரமே விழுந்தாலும் கருவியும் கருவியும் நேரடியாகப் பேசிக்கொள்ளும். அனைத்துக்கும் மேலாக, எண்களாக மாற்றப்படும் குரலைப் பூட்டி அனுப்பவும் இதில் வழி உண்டு.

பூட்டு எவ்வளவு முக்கியமோ, சேரவேண்டியவர் அனைவரும் கேட்பதும் அவ்வளவு முக்கியம். 2001 செப்டம்பர் 11ஆம் நாள் நியூயார்க் இரட்டைக் கோபுரத் தாக்குதலின்போது, வானூர்தியிலிருந்த காவலர்கள் எஞ்சிய கோபுரமும் சாயக்கூடும் என்று எச்சரித்தனர். அந்த எச்சரிக்கை காவல் துறையின் அலைவரிசையில் ஒலித்தது. உள்ளே ஏறிக்கொண்டிருந்த தீயணைப்பு வீரர்களை எட்டவில்லை. அன்று மாண்ட தீயணைப்பு வீரர்கள் 343 பேர். துறைக்கொரு கருவி, கருவிக்கொரு மொழி என்றிருந்தால் என்ன நேரும் என்பதற்கு இதைவிடக் கொடிய சான்று வேண்டுவதில்லை. மலேசியாவில் போலீஸ், தீயணைப்பு மீட்புப் படை முதலிய பல துறைகளை ஒரே கட்டமைப்பில் இணைக்க ‘கிர்ன்’ எனப்படும் அரசாங்க ஒருங்கிணைந்த வானொலிக் கட்டமைப்பு இந்நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் டெட்ரா முறையில் அமைக்கப்பட்டதன் நோக்கமும் இதுவே.

ஆயின் பூட்டு என்று பெயர் வைத்துவிட்டால் மட்டும் பாதுகாப்பு வந்துவிடாது. டெட்ராவின் பூட்டு முறைகள் ஏறத்தாழ 28 ஆண்டுகள் வெளியார் ஆராய இயலாதபடி இரகசியமாக வைக்கப்பட்டிருந்தன. நெதர்லாந்தின் ‘மிட்நைட் புளூ’ ஆய்வாளர்கள் அவற்றைப் பிரித்துப் பார்த்து, 2023 ஜூலையில் தங்கள் முடிவை வெளியிட்டனர். ‘டீ.ஈ.ஏ. ஒன்று’ என்ற வகையில் சாவியின் நீளம் 80 இருமக்குறிகள் என்று சொல்லப்பட்டிருக்க, உள்ளே அது 32ஆகச் சுருக்கப்பட்டிருந்தது. 32 என்றால் சுமார் 429 கோடிச் சாவிகள். கேட்பதற்குப் பெருந்தொகைதான். ஆனால் ஒரு சாதாரண மடிக்கணினி அவற்றை ஒரு நிமிடத்திற்குள் போட்டுப் பார்த்துவிடும்! முழு 80 இருமக்குறிகளோ 25 இலக்கங்கள் கொண்ட எண்ணாகும்.

எல்லா டெட்ரா கருவிகளும் இக்குறைக்கு உட்பட்டவையல்ல; எந்தக் கருவியில் எந்த வகைப் பூட்டு என்பதைப் பொறுத்தது அது. அதே 2023இன் இறுதியில் எட்சி தன் பூட்டு முறைகளைப் பொதுப் பார்வைக்கு வெளியிட முடிவு செய்தது. பலர் ஆராய்ந்தும் உடையாத பூட்டையே நம்பலாம் என்னும் அறிஞர்களின் நெடுநாள் வாதத்திற்கு இது காலம் கடந்து கிடைத்த வெற்றியாகும்.

ஆலயத் தொண்டர்கள் கைக்கொள்ளும் வாக்கி-டாக்கி இவற்றோடு ஒப்பிடத்தக்கதன்று. மலேசியாவில் பொதுமக்கள் பயன்பாட்டுக்கென 477 மெகாஹெர்ட்ஸ் வட்டாரத்தில் அலைவரிசைகள் ஒதுக்கப்பட்டுள்ளன. அவற்றில் பேசும் சாதாரணக் கருவிகளுக்குப் பூட்டே கிடையாது. பெட்டியின்மீது ‘தனிமைக் குறியீடு’ என்று அச்சிட்டிருப்பதை நம்பிப் பலரும் ஏமாறுகின்றனர். அக்குறியீடு பிறர் பேச்சு நம் காதில் விழாமல் தடுக்குமேயன்றி, நம் பேச்சு பிறர் காதில் விழுவதைத் தடுக்காது.

அதனால் விளையக்கூடிய தீங்கு கற்பனையன்று. 2008 ஆகஸ்டு 3ஆம் நாள் இமாசலப் பிரதேசத்தின் நைனா தேவி ஆலயத்தில் மலைச்சரிவு ஏற்பட்டுவிட்டதாகப் பரவிய வெறும் வதந்தியால் நெரிசல் உண்டாகி 140க்கும் மேற்பட்டோர் மாண்டனர். வதந்திக்கு வாக்கி-டாக்கி தேவையில்லை என்பது உண்மையே. எனினும் ‘பாறை’, ‘தீ’, ‘ஓடுங்கள்’ என்ற ஒரு சொல் தொண்டரின் இடுப்பிலிருந்து உரக்க ஒலித்தால், சூழ நிற்போர் பாதியைக் கேட்டு மீதியைத் தாங்களே நிரப்பிக்கொள்வர்.

எனவே, தொண்டர்களுக்குக் காதொலிப்பான் வாங்கித் தருவது அலங்கார வளைவுக்குச் செலவிடுவதைவிட மேலான செலவாகும். விபத்து, தீ, காணாமற்போன குழந்தை ஆகியவற்றுக்கு எளிய குறிச்சொற்களை முன்னதாகவே ஒப்புக்கொள்ளலாம். உண்டியல், நகை, நோயாளியின் பெயர் ஆகியவற்றைத் திறந்த அலையில் உச்சரிக்கவே கூடாது. தொண்டர் படைத் தலைவர் ஒருவர் போலீஸ் கட்டுப்பாட்டுக் கூடாரத்தின் அருகிலேயே இருந்தால், பூட்டிய அலைக்கும் திறந்த அலைக்கும் இடையே அவரே பாலமாவார். ஊர்வலப் பாதை முழுவதையும் முதல்நாளே இருவர் கருவியுடன் நடந்து பார்த்து, பாறை நிழலில் குரல் அறுந்துபோகும் இடங்களைக் குறித்துக்கொண்டு, அங்கே செய்தியை வாங்கிக் கொடுக்க ஓர் ஆளை நிறுத்துதல் வேண்டும். மின்கலங்கள் இரவு பத்து மணிக்கு மேல்தான் தீரும். இரதம் ஆலயம் திரும்பும் நேரமும் பெரும்பாலும் அதுவே. மாற்று மின்கலங்களை அன்னதானக் கூடத்துப் பெட்டியில் பூட்டி வைத்துச் சாவியைத் தேடாமல், தொண்டர்களின் கைப்பையிலேயே கொடுத்துவிடுவது நலம்.