வானில் 420, சாலையில் 460

சென்னையிலிருந்து மதுரை எவ்வளவு தூரம் என்று தேடினால் ஓரிடத்தில் 420 கிலோமீட்டர் என்றும் இன்னோரிடத்தில் 460 என்றும் வரும். இரண்டுமே சரி. முதலாவது வான்வழித் தூரம், மற்றது சாலைத் தூரம்.

வான்வழித் தூரம் வெறும் கணக்குதான். இரண்டு ஊர்களின் அட்சரேகை, தீர்க்கரேகையை எடுத்து, பூமியின் வளைவையும் பார்த்து, இடையிலுள்ள மிகக் குறுகிய தூரத்தைக் கணக்கிடுகிறார்கள். நடுவே மலை இருந்தாலும் கடல் இருந்தாலும் அது மாறாது. சாலையோ நிலம் விட்ட வழியில்தான் போக முடியும்.

சென்னை–மதுரைக்கு வித்தியாசம் 40 கிலோமீட்டர்தான். செங்கல்பட்டு, விழுப்புரம், உளுந்தூர்பேட்டை, திருச்சி, துவரங்குறிச்சி, மேலூர் என்று சாலை ஏறக்குறைய ஒரே திசையில் இறங்குகிறது. குறுக்கே பெரிய மலை இல்லை.

கோவை–மைசூரை எடுத்துக்கொள்ளுங்கள். நேர்க்கோட்டில் 150 கிலோமீட்டர்கூடக் கிடையாது. சாலையில் சுமார் 200. பண்ணாரி தாண்டியதும் திம்பம் மலைப்பாதை, 27 கொண்டை ஊசி வளைவுகள். லாரி ஒன்று வளைவில் திரும்பினால் எதிரே வரும் வண்டிகள் ஒதுங்கி நிற்க வேண்டும். சற்று முன் கடந்து வந்த சாலையே காலுக்குக் கீழே தெரியும். அவ்வளவு நேரம் ஓட்டியும் மைசூர்ப் பக்கம் நகர்ந்தது கொஞ்சம்தான், மேலே ஏறியதுதான் அதிகம். இந்தப் பகுதி புலிகள் காப்பகம் என்பதால் இரவுப் போக்குவரத்துக்குக் கட்டுப்பாடும் உண்டு. இங்கே வான்வழித் தூரத்தை நம்பிக் கிளம்பினால் பொழுது சாய்ந்த பிறகு சோதனைச்சாவடியில் நிற்க நேரிடும்.

இமயமலையில் இந்த வித்தியாசம் இன்னும் பெரிதாகிறது. மணாலியிலிருந்து லே நேர்க்கோட்டில் சுமார் 215 கிலோமீட்டர், சாலையில் அதைப்போல இரு மடங்கு. 2020-இல் ரோத்தங் கணவாய்க்கு அடியில் 9 கிலோமீட்டர் நீள அடல் சுரங்கப்பாதை திறந்ததும் அந்தச் சாலையில் 46 கிலோமீட்டர் குறைந்தது. வான்வழித் தூரம் மட்டும் அப்படியே இருக்கிறது.

கைக்கணக்கு வேண்டுமானால், சமவெளியில் வான்வழித் தூரத்தோடு பத்தில் ஒன்றிரண்டு பங்கு கூட்டுங்கள். மலை குறுக்கிட்டால் மூன்றில் ஒரு பங்காவது கூட்ட வேண்டும்.

விமானமும் அந்த நேர்க்கோட்டில் அப்படியே போவதில்லை. காற்றுக்கு எதிராக ஏறி, பிறகு திரும்பி, வான்வழிக் கட்டுப்பாட்டாளர் சொல்லும் பாதையில் போய், கூட்டமிருந்தால் வட்டமடித்துத்தான் இறங்கும். இருந்தும் சென்னையிலிருந்து மதுரைக்கு ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல்தான் ஆகிறது. காரில் ஏழெட்டு மணி நேரம். மீனம்பாக்கம் விமான நிலையத்துக்குப் போகும் நேரம், அங்கே காத்திருப்பு, மதுரையில் இறங்கி ஊருக்குள் வரும் நேரம் எல்லாம் சேர்த்தாலும் விமானமே முந்தும். திருச்சிக்கு அப்படிச் சொல்ல முடியாது. தாம்பரம் பக்கம் குடியிருப்பவர் காரிலேயே ஐந்து மணி நேரத்தில் போய்விடலாம்.