அணை நீர்மட்டமும் ஆன்லைன் அரட்டையும்

மழை வலுத்தால் கம்பம் பள்ளத்தாக்கில் இணைய அரட்டையும் சூடு பிடிக்கும். காரணம் முல்லைப் பெரியாறு. அணை இருப்பது கேரளத்தில். தண்ணீர் வருவது தேனி, மதுரை வயல்களுக்கு. 2021 அக்டோபரில் அணையை மூடக் கோரும் ஹேஷ்டேக் ட்விட்டரில் பரவியது. அதை ஆதரித்த நடிகர் பிருத்விராஜின் உருவ பொம்மையைத் தேனியில் எரித்தார்கள்.

திரையில் தட்டுவது தெருவுக்கு வந்துவிடுகிறது. எனவே ஃபார்வர்ட் செய்யுமுன் மூன்றைச் சரிபாருங்கள்.

1. செய்தியின் தேதி.

2. படம். கூகுள் இமேஜஸில் கேமரா ஐகானைக் கிளிக் செய்து படத்தை அப்லோட் செய்யுங்கள். அது முன்பே வெளியாகியிருந்தால் பெரும்பாலும் தெரிந்துவிடும்.

3. எண். '136 அடியைத் தாண்டியதே விதிமீறல்' என்றால் நம்பாதீர்கள். 142 அடி வரை தேக்க உச்ச நீதிமன்றம் 2014 மே 7-ல் அனுமதித்தது.

பிறகு தாராளமாக விவாதியுங்கள்!