மூச்சு முட்டுவது எந்தக் கிழமை? பஞ்சுத் தூசியும் ஆஸ்துமாவும்

"சளிதான்" என்று விட்டால் ஆபத்து! தொழிலாளர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய விவரங்கள்

மடத்துக்குளம்:-

லீவு முடிந்து வேலைக்கு வந்த முதல் நாளில் நெஞ்சு கட்டினால் அது ஒரு நோய். முதல் நாள் நன்றாக இருந்து, வாரக் கடைசியில் நெஞ்சு கட்டினால் அது வேறு நோய்.

இரண்டுக்கும் மருந்துக் கடையில் ஒரே சளி டானிக்கை வாங்கிக் குடிக்கிறார்கள். கோளாறு இங்கேதான் தொடங்குகிறது.

உடுமலை - பழனி ரோட்டில் அமராவதி ஆற்றை ஒட்டி இருக்கிறது மடத்துக்குளம். சுற்றிலும் தென்னந்தோப்பு, கரும்புத் தோட்டம். இடையிடையே நூற்பாலைகள், காகித ஆலைகள், தேங்காய் நார் மில்கள். இங்கே நூலாகும் பஞ்சு திருப்பூருக்குப் போய் பனியனாகிறது. ஷிப்டு மாறும் நேரத்தில் மில் வேன்கள் வரிசையாகப் போவதைப் பார்க்கலாம்.

வேனில் இருந்து இறங்குகிறவர்களில் யாருக்காவது இருமல் இருந்தால், "அட, பஞ்சுத் தூசுதானுங்க. மில்லுக்குப் போனா இருக்கத்தான் செய்யும்" என்பார்கள்.

இருக்கத்தான் செய்யுமா? இல்லை என்கிறது மருத்துவம்.

முதலில் எப்படி வரும்?

ஆஸ்துமா என்றதும் எல்லோரும் நினைப்பது, ஒருவர் திண்ணையில் குனிந்து உட்கார்ந்து "கொய்ங், கொய்ங்" என்று மூச்சு வாங்கும் காட்சியைத்தான். அது முற்றிய நிலை. ஆரம்பத்தில் அப்படி வராது.

ராத்திரி 2 மணி, 3 மணிக்கு வறட்டு இருமல் வந்து தூக்கம் கலையும். விடிந்ததும் சரியாகிவிடும்.

மாடிப்படி ஏறினால் நெஞ்சில் கல்லை வைத்த மாதிரி இருக்கும். பலமாகச் சிரித்தால் இருமல் வரும். சாம்பிராணிப் புகை, கொசுவர்த்தி, தாளிக்கிற நெடி இதெல்லாம் ஆகாமல் போகும்.

சளி பிடித்தால் மற்றவர்களுக்கு ஒரு வாரத்தில் போய்விடும். இவர்களுக்கு மூன்று வாரம் ஆகும்.

ஒரு நாள் இருக்கும், ஒரு நாள் இருக்காது. அதனால்தான் பகலில் டாக்டரிடம் போய் நிற்கும்போது, "நெஞ்சு சுத்தமா இருக்கே!" என்று அவர் சொல்லும்படி ஆகிவிடுகிறது.

குழந்தைகளுக்கு வந்தால்?

ஆஸ்துமா பெரும்பாலும் சின்ன வயதில்தான் தலைகாட்டுகிறது. ஆனால் வீசிங் வந்த குழந்தைகள் எல்லோரும் ஆஸ்துமாக்காரர்கள் அல்ல.

அமெரிக்காவில் டூசான் என்ற நகரில் 1980-ம் ஆண்டு முதல், பிறந்த குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்தார்கள். 3 வயதுக்குள் வீசிங் வந்த குழந்தைகளில் பெரும்பாலோருக்கு 6 வயதுக்குள் அது நின்றுவிட்டது. தாய்மார்கள் பயந்துபோகத் தேவையில்லை. ஆனால் டாக்டரின் கண்காணிப்பில் இருக்க வேண்டும்.

சின்ன வயதில் பையன்களுக்கு அதிகம் வரும். பருவத்துக்கு வந்த பிறகு கணக்கு தலைகீழாகிறது. பெண்களுக்கு அதிகமாகிறது.

இன்னொன்றும் உண்டு. 10 வயதில் மறைந்த இளைப்பு, 25 வயதில் மில் வேலைக்குச் சேர்ந்ததும் திரும்ப வரலாம். "எனக்கு இதுவரைக்கும் வந்ததே இல்லை" என்கிறவர்கள் தாயாரிடம் கேட்டுப் பார்ப்பது நல்லது.

வேலையால் வரும் ஆஸ்துமா!

பெரிய வயதில் புதிதாக ஆஸ்துமா வருகிறவர்களில் ஏறக்குறைய ஆறில் ஒருவருக்கு, செய்கிற வேலையே காரணம் என்று உலக அளவிலான ஆய்வுகள் சொல்கின்றன.

பனியன் தொழிலில் முக்கியமாகச் சொல்ல வேண்டியது சாயப்பட்டறை. பருத்தித் துணிக்குப் போடும் ரியாக்டிவ் சாயப் பவுடரை எடை போடும்போதும் கலக்கும்போதும் தூள் பறக்கிறது. அது மூச்சுக்குள் போய் சிலருக்கு ஒவ்வாமையை உண்டாக்கும்.

சேர்ந்த முதல் நாளே இது வராது. சில வாரங்களோ, சில ஆண்டுகளோ கழித்து வரும். அதனால்தான், "ரெண்டு வருஷமா இதே வேலைதான் பார்க்கிறேன். அப்போ வராதது இப்போ ஏன் வரணும்?" என்று ஏமாந்துபோகிறார்கள். முதலில் மூக்கு ஒழுகும், கண் அரிக்கும், தும்மல் வரும். பிறகு மூச்சுக்கு இறங்கும்.

இதன் அடையாளம் என்ன? வேலைக்குப் போகப் போக அதிகமாகும். வாரக் கடைசியில் ரொம்ப மோசமாக இருக்கும். தீபாவளிக்கோ பொங்கலுக்கோ ஊருக்குப் போய் நாலு நாள் தங்கினால் ஆளே மாறிவிடுவார்.

திரும்பி வந்து வேலையில் சேர்ந்ததும் மறுபடியும் இருமல்!

பஞ்சு நோய்

நூற்பாலைத் தொழிலாளிக்கு வருவது வேறு மாதிரி. அதற்கு டாக்டர்கள் வைத்திருக்கும் பெயர் பிசினோசிஸ். ஆஸ்துமாவுக்கு ஒன்றுவிட்ட தம்பி என்று சொல்லலாம்.

பொதுவாக, பல ஆண்டுகள் பஞ்சுத் தூசியில் நின்றவர்களுக்கே வரும். பேல் பிரிக்கிற இடம், ப்ளோ ரூம், கார்டிங் இந்த மூன்றிலும்தான் தூசி அதிகம். பஞ்சில் ஒட்டியிருக்கும் பாக்டீரியாவின் நச்சு தூசியோடு சேர்ந்து நெஞ்சுக்குள் போவதுதான் முக்கியக் காரணம் என்று கருதப்படுகிறது. பீடி, சிகரெட் பழக்கம் இருந்தால் கேடு இன்னும் அதிகம்.

இதில் ஒரு விசித்திரம் உண்டு. லீவு முடிந்து வந்த முதல் நாளில்தான் நெஞ்சு இறுகும். இரண்டாம் நாள், மூன்றாம் நாள் குறைந்துவிடும். ஞாயிறு லீவு விடும் நாடுகளில் இதற்கு "திங்கட்கிழமைக் காய்ச்சல்" என்றே பெயர் வைத்தார்கள். நம் மில்களில் வார லீவு ஆளுக்கு ஆள் மாறும். ஆகவே, லீவுக்கு மறுநாள் எது என்று பார்க்க வேண்டும்.

இங்கிலாந்தில் லங்காஷயர் பஞ்சாலைகளில் ரிச்சர்டு ஷில்லிங் என்ற டாக்டர் 1950-களில் இதை ஆராய்ந்தார். முதல் நாள் மட்டும் நெஞ்சு இறுகினால் ஆரம்ப நிலை. மற்ற நாட்களிலும் இறுகினால் அடுத்த நிலை. நுரையீரலே நிரந்தரமாகக் கெட்டுவிட்டால் கடைசி நிலை. இப்படிக் கிழமையை வைத்தே நோயைத் தரம் பிரித்தார் அவர்.

ஆரம்ப நிலையில் தூசியை விட்டு விலகினால் தப்பிக்கலாம். கடைசி நிலையில் விலகினாலும் போன மூச்சு திரும்பாது.

ஆமதாபாத்தில் உள்ள தேசியத் தொழில் நலவாழ்வு நிறுவனம் துணி ஆலைகளில் ஆராய்ந்தபோதும், ப்ளோ ரூமிலும் கார்டிங்கிலும் வேலை செய்பவர்களுக்கே இந்நோய் அதிகம் இருந்தது.

அமெரிக்கா 1978-ம் ஆண்டில் சட்டம் போட்டது. நூல் தயாரிக்கும் இடத்தில் ஒரு கன மீட்டர் காற்றில் 200 மைக்ரோகிராமுக்கு மேல் பஞ்சுத் தூசி இருக்கக் கூடாது என்று கட்டளை. முதலாளிகள் கோர்ட்டுக்குப் போனார்கள். 1981-ல் சுப்ரீம் கோர்ட்டும் சட்டம் செல்லும் என்று தீர்ப்புச் சொன்னது. தூசி உறிஞ்சும் கருவிகள் வந்தன. நோயும் பெரிதும் குறைந்தது.

கப்பல் வந்த நாளெல்லாம் மூச்சுத் திணறல்!

நாளைக் குறித்து வைத்தால் குற்றவாளி அகப்படுவான் என்பதற்கு ஸ்பெயினில் நடந்த சம்பவமே சாட்சி.

பார்சிலோனா நகரில் 1981 முதல் 1987 வரை 26 நாட்கள் திடீர் திடீரென்று ஆஸ்பத்திரிகளில் மூச்சுத் திணறலுடன் கூட்டம் குவிந்தது. உயிர் இழந்தவர்களும் உண்டு. காரணம் தெரியாமல் டாக்டர்கள் திகைத்தார்கள்.

கடைசியில் தேதிகளை எடுத்துத் துறைமுகக் கணக்கோடு ஒப்பிட்டார்கள். உண்மை வெளியானது! அத்தனையும் சோயா மொச்சை மூட்டைகள் அல்ல, மொத்தமாகக் கொட்டி வந்த சோயா கப்பலில் இருந்து இறக்கிய நாட்கள். ஒரு சேமிப்புக் கிடங்கில் தூசி வடிகட்டி இல்லை. அங்கிருந்து பறந்த தூசியே காரணம். வடிகட்டி பொருத்தினார்கள். அத்தோடு நின்றது.

கெட்டது ஊர்க் காற்று அல்ல, ஒரு கிடங்கின் தூசி. அதை அடைத்ததும் ஊரே பிழைத்தது.

என்ன செய்ய வேண்டும்?

பாக்கெட் காலண்டர் ஒன்று போதும். இருமல் வந்த நாள், நெஞ்சு கட்டிய நாள், ராத்திரி விழித்த நாள் எல்லாவற்றையும் குறிக்க வேண்டும். எந்த ஷிப்டு, எந்த டிபார்ட்மெண்டு, லீவு எப்போது என்பதையும் எழுத வேண்டும்.

டாக்டரிடம் போனால் முதலில், "மில்லுல இன்ன வேலை பார்க்கிறேனுங்க" என்று சொல்ல வேண்டும். பலர் இதைச் சொல்வதே இல்லை.

ஸ்பைரோமீட்டர் என்ற கருவியில் ஊதச் சொல்வார்கள். மருந்து கொடுத்து, சிறிது நேரம் கழித்து மறுபடியும் ஊதச் சொல்வார்கள். இரண்டாவது ஊதலில் காற்று தெளிவாகக் கூடினால் ஆஸ்துமா என்று சந்தேகம் வலுக்கும்.

பீக் ப்ளோ மீட்டர் என்று கையடக்கக் குழாய் ஒன்று உண்டு. வீட்டிலேயே ஊதி எண்ணை எழுதி வைக்கலாம். வேலை நாளும் லீவு நாளும் சேர்ந்து வருகிற மாதிரி 4 வாரம் எழுதினால், வேலையால் வந்ததா, இல்லையா என்று டாக்டர் கண்டுபிடித்துவிடுவார்.

நூறு முறை சொன்னாலும் தகும்: சீக்கிரம் கண்டுபிடித்து அந்தத் தூசியை விட்டு விலகியவர்களுக்கே வேலையால் வந்த ஆஸ்துமா குணமாகும் வாய்ப்பு அதிகம். ப்ளோ ரூமில் இருந்து பேக்கிங்குக்கு மாற்றினாலும் பலன் உண்டு. மூக்கில் கட்டுகிற கைக்குட்டை நுண்ணிய தூசியைத் தடுக்காது. மெஷினில் ஏர் அடித்துச் சுத்தம் செய்தால் படிந்த தூசி மறுபடியும் பறக்கும். உறிஞ்சி எடுப்பதே நல்லது.

பம்பு அடித்தால் பழகிவிடுமா?

"ஒருதரம் பம்பு எடுத்தா ஆயுசுக்கும் விட முடியாது." இது ஊரில் பேசும் பேச்சு. கல்யாணம் ஆக வேண்டிய பெண் இன்ஹேலர் வைத்திருப்பது தெரிந்தால் வரன் தட்டிப்போகும் என்று ஒளித்து வைக்கிறவர்களும் உண்டு.

இன்ஹேலர் போதைப் பொருள் அல்ல. கணக்கைப் பாருங்கள். சால்பூட்டமால் மாத்திரை ஒன்றில் 4 மில்லிகிராம் மருந்து இருக்கும். இன்ஹேலரில் இரண்டு அழுத்து அழுத்தினால் வருவது 200 மைக்ரோகிராம். அதாவது மாத்திரையில் 20-ல் ஒரு பங்கு! மருந்து நேராக நுரையீரலுக்குப் போவதால் அவ்வளவு குறைவு போதும்.

இந்தக் கருவி பிறந்ததே ஒரு சிறுமியின் கேள்வியால்தான். அமெரிக்க மருந்துக் கம்பெனித் தலைவர் ஒருவரின் 13 வயது மகளுக்கு ஆஸ்துமா. "தலைமுடிக்கு அடிக்கிற ஸ்பிரே மாதிரி என் மருந்தையும் டப்பாவில் அடைக்க முடியாதா?" என்று அவள் கேட்டாள். 1956-ல் இன்ஹேலர் கடைக்கு வந்தது.

இன்ஹேலரில் இரண்டு வகை. ஒன்று, உடனே மூச்சைத் திறந்துவிடும். இன்னொன்று, புடசோனைடு போன்ற ஸ்டீராய்டு. மூச்சுக் குழாயின் உள்வீக்கத்தை மெல்ல ஆற்றும். முதல் வகையை மட்டும் அடித்துக்கொண்டு காலம் தள்ளக் கூடாது என்று 2019-ம் ஆண்டு முதல் உலக ஆஸ்துமா வழிகாட்டிக் குழு எச்சரித்து வருகிறது. இரண்டு வகையும் இந்திய அரசின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருக்கின்றன. கர்ப்பிணிகளும் தாமாக மருந்தை நிறுத்தக் கூடாது.

ஆடாதொடைக் கஷாயம் பற்றிக் கேட்கிறார்கள். ஆடாதொடையில் உள்ள வாசிசின் என்ற சத்தை வைத்துத்தான் புரோம்ஹெக்சின் என்ற மருந்தே உருவானது. ஆனால் அது சளியை இளக்கும் மருந்து. மூச்சுக் குழாயின் வீக்கத்தை அது ஆற்றாது.

அமெரிக்கத் தடகள வீராங்கனை ஜாக்கி ஜாய்னர் கெர்சிக்குக் கல்லூரியில் படிக்கும்போதுதான் ஆஸ்துமா தெரிந்தது. முதலில் அவரும் அதை ஒப்புக்கொள்ள மறுத்தார். பிறகு முறையாக மருந்து எடுத்தார். 1988 சியோல் ஒலிம்பிக்கில் இரண்டு தங்கம் வாங்கினார்.

சட்டம் என்ன சொல்கிறது?

பஞ்சுத் தூசியால் வரும் பிசினோசிசும், வேலையால் வரும் ஆஸ்துமாவும் சட்டப்படி தொழில் நோய்கள். 1923-ம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்டத்திலும், 1948-ம் ஆண்டின் இ.எஸ்.ஐ. சட்டத்திலும் இருந்த பட்டியல், இப்போது சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில் இருக்கிறது. 2020-ல் நிறைவேறிய அந்தத் தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்தது.

ஆனால் "வேலையால் வந்தது" என்று டாக்டர் எழுதிய காகிதம் வேண்டும். மூச்சு முட்டுகிறவர் பேசாமல் கணக்கை முடித்துக்கொண்டு தேனிக்கோ, ஒடிசாவுக்கோ போய்விட்டால் அவருடைய நோய் எந்தக் கணக்கிலும் வராது. அவர் நின்ற இடத்தில் அடுத்த ஆள் வந்து நிற்பார்.

2019-ம் ஆண்டுக் கணக்குப்படி இந்தியாவில் சுமார் 3½ கோடி பேருக்கு ஆஸ்துமா. உலக நோயாளிகளில் 100-க்கு 13 பேர். ஆனால் ஆஸ்துமாவால் சாகிறவர்களில் 100-க்கு 42 பேர் இந்தியர்கள்! நோய் பிடிபடாமல் போவதும், சரியான மருந்து எடுக்காமல் விடுவதும் இதற்கு முக்கியக் காரணங்கள்.

உடனே ஆஸ்பத்திரி!

ஒரு வாக்கியத்தை முழுசாகப் பேச முடியாமல் திணறினாலும், உதடு நீலம் பாய்ந்தாலும், இன்ஹேலர் அடித்தும் மூச்சு அடங்காவிட்டாலும் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. படுக்க வைக்காமல், நிமிர்த்தி உட்கார வைக்க வேண்டும். உடனே 108-க்குப் போன் செய்ய வேண்டும்.