ஊர் நம்பருக்கு எந்த ரீசார்ஜ்?

மீமிசல், கோட்டைப்பட்டினம், அம்மாபட்டினம் பக்கம் சபராளி, அதாவது வெளிநாட்டில் பிழைக்கிறவர், இல்லாத தெருவைப் பார்ப்பது அரிது. திருச்சியில் விமானம் ஏறுகிறவர் ஊர் சிம்மைக் கையோடு கொண்டுபோகிறார். பேசுவதற்கு அது தேவையில்லை. அங்கே வாங்கும் சிம்மின் டேட்டாவிலேயே வீட்டோடு பேசிவிடலாம். அமீரகத்தில் வாட்ஸ்அப் அழைப்பு எடுபடாது என்பதால் போட்டிம் போல அனுமதி பெற்ற செயலி வேண்டும், அவ்வளவுதான். ஊர் நம்பர் வேண்டியிருப்பது வங்கி ஓடிபிக்கு.

அந்த ஓடிபி கடல் தாண்டி வருவது எப்படி? சிம்முக்குள் 15 இலக்க அடையாள எண் ஒன்று இருக்கிறது. அதன் முதல் மூன்று இலக்கம் நாட்டைச் சொல்லும்: இந்தியாவுக்கு 404, 405, சிங்கப்பூருக்கு 525, அமீரகத்துக்கு 424. சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தில் இறங்கி போனை உயிர்ப்பித்ததும், அங்குள்ள நெட்வொர்க் 404-ஐப் பார்த்துவிட்டு இந்திய நிறுவனத்தின் பதிவேட்டுக் கணினியிடம் விசாரிக்கும்: இவர் உங்கள் ஆள்தானா, ரோமிங் உண்டா? ஆம் என்று பதில் வந்தால், ஆள் இப்போது சிங்கப்பூரில் என்று அந்தப் பதிவேட்டில் குறித்துக்கொள்வார்கள்.

இனி அறந்தாங்கியிலிருந்து ஒருவர் அழைத்தால், அழைப்பு முதலில் இந்திய நெட்வொர்க்குக்குப் போய், பதிவேட்டைப் பார்த்து, பிறகுதான் கடல் தாண்டும். அழைப்பவர் உள்ளூர்க் கட்டணத்தோடு தப்பித்துவிடுவார். மிச்சத் தூரத்துக்கான செலவு எடுத்துப் பேசுகிறவர் தலையில் விழும். எஸ்எம்எஸ் அப்படியல்ல. டவரும் போனும் தங்களுக்குள் தகவல் பரிமாறும் தடத்திலேயே அது வந்துவிடும், டேட்டா வேண்டாம். ரோமிங்கில் அதைப் பெறுவதற்கு இந்திய நிறுவனங்கள் பொதுவாகக் காசு பிடிப்பதில்லை. ஆகவே டேட்டா ரோமிங்கை அணைத்துவிட்டு, அந்த சிம்மில் வரும் அழைப்பை எடுக்காமல் விட்டால் போதும்.

தினம் ஒன்றரை ஜிபி தரும் பேக்கை வெளிநாட்டில் இருப்பவருக்குப் போடுவது வீண் செலவு. இந்திய டேட்டா அங்கே உதவாது. குரலும் எஸ்எம்எஸ்ஸும் மட்டுமுள்ள பேக்கையும் தர வேண்டும் என்று 2024 டிசம்பரில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் விதி கொண்டுவந்தது. இத்தகைய சிறப்புப் பேக்குகளின் வேலிடிட்டி உச்சவரம்பையும் 90 நாளிலிருந்து 365 நாளாக உயர்த்தியது. கடைக்காரர் டேட்டா பேக்கைத்தான் முதலில் காட்டுவார். குரல், எஸ்எம்எஸ் மட்டுமுள்ள பேக்கைக் கேட்டு வாங்க வேண்டும். ரோமிங் திறந்திருக்கிறதா என்பதையும் கிளம்புமுன்பே பார்த்துவிடுவது நல்லது. போன பிறகு திறக்கப் பார்த்தால், அதற்கும் ஓடிபி கேட்டு வைப்பார்கள்.

ரீசார்ஜ் செய்யாமல் விட்ட நம்பர் ஒருநாள் துண்டிக்கப்படும். குறைந்தது 90 நாள் கழித்து அதை வேறொருவருக்குக் கொடுத்துவிடலாம். வங்கிக் கணக்கில் பழைய நம்பரே இருந்தால், ஓடிபி அந்தப் புது ஆளுக்குப் போகும்.

ஊர் நம்பரே இல்லாமல் யுபிஐ நடத்தவும் வழியுண்டு. சிங்கப்பூர், அமீரகம், சவுதி, கத்தார், ஓமன் உள்ளிட்ட 10 நாடுகளின் நம்பரையே பதிவு செய்ய 2023-ல் யுபிஐயை நடத்தும் என்பிசிஐ அனுமதித்தது. ஆனால் கணக்கு வெளிநாடுவாழ் இந்தியருக்கான என்ஆர்இ அல்லது என்ஆர்ஓவாக இருக்க வேண்டும். பழைய சேமிப்புக் கணக்கை மாற்றாமல் வைத்திருப்பவருக்கு இந்த வசதி கிடைக்காது.