இறுகும் கம்பளி, ஏறும் சாயம்

நூல் நூற்காமலும் தறியில் நெய்யாமலும், கம்பளி இழைகளை நனைத்து அழுத்தி ஒன்றோடொன்று பிணையச் செய்து ஆக்கப்படும் துணியே ஃபெல்ட் ஆகும். காஷ்மீரிலும் கட்ச் பகுதியிலும் இது நம்தா என்னும் விரிப்பாகிறது. மத்திய ஆசிய நாடோடி மக்களுக்கு வீடாக விளங்கிய யுர்ட் கூடாரங்களைப் போர்த்தியதும் இதுவே. சைபீரியாவின் அல்தாய் மலைப்பகுதியில், பாசிரிக் புதைமேடுகளின் உறைபனியில் கிடைத்த வண்ண ஃபெல்ட் துணிகள் 2,000 ஆண்டுகளுக்கும் மேற்பட்ட பழமை உடையவை.

கம்பளி இழையின் மேற்பரப்பில் ஓட்டுக் கூரையின் ஓடுகள்போல் ஒரே திசை நோக்கி அடுக்கப்பட்ட நுண்செதில்கள் உள்ளன. சோப்பு கலந்த வெந்நீரில் தேய்க்கும்போது இழைகள் ஒரு திசையில் எளிதாக நகர்ந்து, எதிர்த்திசையில் திரும்ப முடியாமல் செதில்களால் தடுக்கப்படுவதால், தேய்க்கத் தேய்க்க அவை நெருங்கிச் சிக்கி, துணி சுருங்கித் தடிக்கிறது. இச்சுருக்கத்தை மீட்க இயலாது.

எனவே சாயத்தை எந்தக் கட்டத்தில் ஏற்றுவது என்பதே இக்கலையின் அடிப்படை முடிவாகிறது. இதற்குக் கிர்கிஸ்தானின் இரு மரபுகள் தெளிவான சான்றுகள்: முன்பே சாயமேற்றிய கம்பளியை வடிவமாகப் பரப்பி, பிறகு உருட்டி இறுக்கும் அலா கீயிஸ் விரிப்பில் நிறங்களின் ஓரங்கள் ஒன்றுக்குள் ஒன்று கலந்து நிற்க, இறுகிய ஃபெல்ட்டைச் சாயமிட்டு வெட்டித் தைக்கும் ஷிர்டாக் விரிப்பில் ஓரங்கள் கத்திமுனைக் கூர்மையுடன் அமைகின்றன. இவ்விரண்டையும் யுனெஸ்கோ 2012இல் உடனடிப் பாதுகாப்புத் தேவைப்படும் பண்பாட்டு மரபுகளின் பட்டியலில் சேர்த்தது.

1990களின் தொடக்கத்தில் ஆஸ்திரேலியாவில் பாலி ஸ்டர்லிங் உருவாக்கிய நுனோ முறை, சோதனைகளுக்கு மேலும் இடமளித்தது. இம்முறையில் ஷிஃபான் போன்ற மெல்லிய பட்டுத் துணியின் இடைவெளிகளில் கம்பளி இழைகள் புகுந்து பற்றிக்கொள்கின்றன. கம்பளி சுருங்க, பட்டு சுருங்காமல் மடிப்பு மடிப்பாகப் புடைத்தெழுகிறது. கம்பளியும் பட்டும் புரத இழைகளாதலால், வினிகர் சேர்த்த சுடுநீரில் கரைக்கப்படும் அமிலச் சாயத்தை இரண்டுமே ஏற்கும். பட்டுக்குப் பதில் பருத்தி மல் துணியை வைத்தால், அது ஏறத்தாழ வெள்ளையாகவே நின்று, ஒரே சாயத்தொட்டியிலிருந்து இருநிறத் துணி வெளிவரும்.

இயற்கைச் சாயங்கள் பலவற்றுக்கு, நிறத்தை இழையோடு பிணைக்கும் நிறமூன்றி தேவைப்படுகிறது. நிறமூன்றிகளுள் படிகாரம் பரவலாகப் பயன்படுவது. கடுக்காய்ச் சாறு ஏற்றிய கம்பளியை இரும்பு உப்புக் கரைசலில் நனைத்தால் சாம்பல் முதல் கருப்பு வரையிலான நிறங்கள் பிறக்கும் எனினும், இரும்பு மிகுந்தால் இழை நலிந்துவிடும். சாயத்தைப் பிணைப்பதுபோல், அதைத் தடுப்பதும் ஒரு நுட்பமே. மதுரைச் சுங்குடியில் நூலால் கட்டிய இடத்தில் சாயம் ஏறாமல் புள்ளி விழுவதைத் தமிழர் அறிவர். கம்பளித் துணியில் கோலிக்குண்டுகளை வைத்துக் கட்டி, சாயமிட்டு இறுக்கினால், அதே கட்டு சாயத்தைத் தடுப்பதோடு அவ்விடம் சுருங்குவதையும் தடுக்கிறது. ஆகவே கட்டை அவிழ்த்த பின் புள்ளிகள் நிறத்தில் மட்டுமன்றி உருவத்திலும் குமிழ்களாகப் புடைத்து நிற்கின்றன.

சாயத்தொட்டியின் சூடும் கிளறலும் கம்பளியை மேலும் இறுக்கக்கூடியவை என்பதால், வெப்பத்தை மெல்ல ஏற்றி, அதிகம் கிளறாமல், அதே நீரிலேயே ஆறவிடுவது முறை. தொடங்குவோர் முதலில் 30 செ.மீ. சதுர மாதிரி ஒன்றைச் செய்து பார்ப்பது நல்லது. அது 20 செ.மீ. ஆகச் சுருங்கினால், 40 செ.மீ. அகலத் துணிக்கு 60 செ.மீ. அகலத்தில் கம்பளியைப் பரப்ப வேண்டும் என்பது தெளிவாகும். கம்பளியின் எடை, சாயத்தின் அளவு, நீரின் வெப்பம் ஆகியவற்றை மாதிரியோடு குறித்து வைத்தால்தான் கைவந்த நிறத்தை மறுமுறையும் பெற முடியும். குறிப்பில்லாத சோதனை எவ்வளவு அழகாக அமைந்தாலும் அது தற்செயலே.