யாரும் பார்க்காத படம்

புனேயில் பாணேரை ஒட்டிய பாஷாணில் சி-டாக் நிறுவனத்தின் வளாகம் இருக்கிறது. அமெரிக்காவிடமிருந்து சூப்பர் கணினி கிடைக்காத நிலையில் 1988-ல் தொடங்கப்பட்ட இந்நிறுவனம், 1991-ல் 'பரம் 8000' சூப்பர் கணினியை உருவாக்கிக் காட்டியது. டெபியன் லினக்ஸை அடிப்படையாகக் கொண்ட 'பாஸ்' இயங்குதளம் அதன் சென்னை மையத்தின் ஆக்கம். கணக்கிடும் திறனுக்காக இவ்வளவு பாடுபட்ட ஊரிலும் சாதாரண லினக்ஸ் மேசைக் கணினி அந்தத் திறனை வீணடிக்க வழி இருக்கிறது. அந்த வழியின் பெயர் ஸ்கிரீன்சேவர்.

ஒரே கணினியை இரண்டு ஷிப்ட்காரர்கள் பகிர்ந்துகொள்ளும் அலுவலகத்தை எடுத்துக்கொள்வோம். பகல் ஷிப்ட்காரர் லாக்-அவுட் செய்யாமல் திரையைப் பூட்டிவிட்டுக் கிளம்புகிறார். இரவில் வருபவர் 'பயனரை மாற்று' என்பதை அழுத்தித் தன் கணக்கில் நுழைகிறார். பகல் ஷிப்ட்காரரின் அமர்வு மூடப்படுவதில்லை. மறைவாக ஓடிக்கொண்டே இருக்கிறது. அங்கே விசையும் சுட்டியும் அசையாததால் அவருடைய ஸ்கிரீன்சேவர் விழித்துக்கொள்கிறது. முப்பரிமாணக் குழாய்களும் சுழலும் கோளங்களும் எந்த மானிட்டரிலும் தெரியாமலே வரையப்படுகின்றன. கிராபிக்ஸ் கார்டின் உதவி கிடைக்காவிட்டால் அந்த வேலை முழுவதும் பிராசசர் தலையில் விழும்.

வேகம் குறைந்தது இரவு ஷிப்ட்காரருக்குத் தெரியாமலும் போகலாம். 1992-ல் ஜேமி ஸவின்ஸ்கி எழுதிய 'எக்ஸ்ஸ்கிரீன்சேவர்' தன் படங்களுக்கு வழக்கமாகக் குறைந்த முன்னுரிமையே கொடுக்கிறது. வேறு வேலை வந்தால் அவை வழிவிடும். ஆனால், வேலை இல்லாத நேரத்தில் ஓய்வெடுத்திருக்க வேண்டிய பிராசசர் உழைத்துக்கொண்டே இருக்கும். மின்விசிறியின் இரைச்சலும் பெட்டியின் சூடும்தான் தடயம். இதனால் கணினிக்கு 20 வாட் கூடுதலாகச் செலவாகிறது என்று வைத்துக்கொண்டால், 25 கணினிகளில் 14 மணி நேரத்தில் 7 யூனிட் போய்விடும்.

பள்ளி ஆய்வகங்களில் நிலைமை இன்னும் மோசமாகலாம். ஒரே சர்வரில் பல எளிய முனையங்களை இணைக்கும் எல்டிஎஸ்பி முறையின் பழைய வடிவில், எல்லா மாணவர்களின் நிரல்களும் சர்வரிலேயே ஓடும். இடைவேளை மணி அடித்ததும் 20 ஸ்கிரீன்சேவர்கள் ஒரே பிராசசரைப் பங்கு போடும். ஒவ்வொரு படமும் நெட்வொர்க் வழியாக வேறு பயணிக்க வேண்டும்.

இவ்வளவு வீணடிக்கும் ஸ்கிரீன்சேவர் எதற்காக வந்தது? பழைய பெட்டி மானிட்டர்களில் ஒரே படம் நெடுநேரம் நின்றால் பாஸ்பரில் தழும்பு விழும். அதைத் தடுக்கத்தான் அது பிறந்தது. ஜான் சோச்சா 1983-ல் வெளியிட்ட முன்னோடி நிரல் திரையை வெறுமனே கறுப்பாக்கியது. அலங்காரங்களெல்லாம் பிறகு வந்தவை. எல்சிடி திரைகளுக்கு அந்தப் பாதுகாப்பு பெரும்பாலும் தேவையில்லை. 2011-ல் வந்த 'க்னோம் 3' என்ற லினக்ஸ் மேசைச் சூழல் அசையும் படங்களைக் கைவிட்டு வெற்றுத் திரைக்குத் திரும்பியது.

எக்ஸ்எஃப்சிஇ, மேட் போன்ற பிற சூழல்களில் அசையும் படங்கள் இன்றும் கிடைக்கின்றன. அங்கே 'வெற்றுத் திரை மட்டும்' என்று மாற்றிவிட்டாலே போதும். பூட்டு அப்படியே இருக்கும். சந்தேகம் இருந்தால் டெர்மினலில் 'டாப்' கட்டளையை ஓட்டிப் பார்க்கலாம். யாருடைய கணக்கில் எந்த நிரல் பிராசசரைத் தின்கிறது என்பதை அது பட்டியலிட்டுக் காட்டும்.